திருச்சியிலிருந்து ஒரே நாளில் போய்வர எந்தக் கடற்கரை?

கேள்வி, 2 மே 2024
உறையூரிலிருந்து எழுதறேன். அம்மாவுக்கு 71. இதுவரைக்கும் கடலைப் பார்த்ததே இல்லை. பசங்க ரெண்டு பேர், 12 வயசு, 8 வயசு. காலையில கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்துடணும். எல்லாரும் வேளாங்கண்ணின்னு சொல்றாங்க. கடல் எங்க பார்த்தாலும் கடல்தானே, எது கிட்டயோ அங்க போனா போதாதா?

2 மே 2024, இரவு
போதாது தம்பி. இருபது வருஷமா வீட்டுப் பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்தக் கரைகளுக்குப் போய் வருகிறேன், அதனால் சொல்கிறேன்.

வரைபடத்தில் கோடியக்கரையைப் பாருங்கள். கரை அங்கேதான் முக்குத் திரும்புகிறது. அதற்கு வடக்கே வேளாங்கண்ணி, நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி, பூம்புகார். இவற்றுக்கு எதிரே மறைப்பே கிடையாது, வங்கக்கடல் நேராக வந்து மோதும். முக்கைத் தாண்டி மேற்கே திரும்பினால் மல்லிப்பட்டினம், மனோரா, கட்டுமாவடி, மணமேல்குடி. அது பாக் விரிகுடா. இலங்கை ஒரு பக்கம் அணைத்துக்கொண்டிருப்பதால் ஆழமும் குறைவு, அலையும் இல்லாத மாதிரிதான். இரண்டுக்கும் கடல் என்றுதான் பெயர். கரையில் நின்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு.

உங்களுக்கு என் யோசனை தரங்கம்பாடி. கூட்டம் இருக்காது. டேனிஷ் கோட்டை 1620-இல் கட்டியது, பிள்ளைகளுக்குச் சொல்லக் கதை இருக்கிறது. தூரம் 140 கிலோமீட்டர்.

3 மே 2024
நேற்று எழுதியதில் தப்பு. 140 என்பது நாகப்பட்டினத்துக்கு. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடிக்கு ஏறக்குறைய 160. இடையில் சாப்பிட நிறுத்தினால் நாலு மணி நேரம்.

இன்னொன்று. கோட்டைக்கு முன்னால் பெரிய திடல், மரம் குறைவு. காலை பத்து மணிக்கு மேல் அம்மாவை அங்கே உட்கார வைக்க முடியாது. நேற்று என் கண்ணில் கோட்டைதான் இருந்தது, 71 வயது இல்லை.

3 மே 2024, மதியம்
அம்மாவுக்கு என்றே யோசித்தால் மனோரா. தஞ்சாவூர், பட்டுக்கோட்டை வழியாகச் சுமார் 120 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். சரபோஜி மன்னர் கட்டிய அறுகோணக் கோபுரம், எட்டு அடுக்கு. நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடித்ததன் நினைவாக 1814-இல் எழுப்பியது. பக்கத்திலேயே நிழல், வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து அதிகம் நடக்க வேண்டியதில்லை.

போகும் வழியில் பட்டுக்கோட்டையைத் தாண்டினால் தென்னந்தோப்புதான். 2018 நவம்பர் 16 கஜா புயலில் சாய்ந்த தோப்புகள் இவை. சில இடங்களில் புதுக் கன்றுகள் இப்போதுதான் தலைக்கு மேல் வந்திருக்கின்றன. புயல் முடிந்த ஒரு மாதத்தில் அந்தச் சாலையில் போனோம். மரமெல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தது. காரில் யாரும் பேசவில்லை.

கடலைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். மனோரா கரையில் மணல் குறைவு, சேறு அதிகம். கடற்புல் ஒதுங்கிக் காய்ந்து கிடக்கும், வாடை வரும். அதைக் குப்பை என்று நினைக்காதீர்கள். கடல்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான். மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள், இந்தியாவிலேயே முதலாவது. எட்டு வயதுப் பிள்ளை ஒரு புல் நாடாவைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதற்கே போன செலவு தகும். ஆனால் அலையில் குதிக்க ஆசைப்பட்டு வரும் பிள்ளைக்கு ஏமாற்றம்தான்.

4 மே 2024
கும்பகோணத்து வாசகர் ஒருவர், "பூம்புகாரை ஏன் சொல்லவில்லை, காவிரி கடலில் சேருமிடம் ஆயிற்றே, திருச்சிக்காரர்களுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்" என்று கேட்கிறார். உறையூர்த் தம்பியும் தன் அம்மாவுக்கு அந்த ஆசை உண்டு என்கிறார். காவிரிக்கரை அம்மா மண்டபப் படித்துறையில் குளித்து வளர்ந்தவருக்கு ஆறு எங்கே போய் முடிகிறது என்று பார்க்கத் தோன்றாதா?

வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

2009 மே. அண்ணன் குடும்பமும் நாங்களும் பூம்புகார் போனோம். அண்ணன் மகனுக்கு அப்போது 14. ஆடிப்பெருக்குத் தண்ணீரிலேயே காவிரியை நீந்திக் கடப்பவன். அவனைப் பற்றி எங்களில் யாருக்கும் பயமே இல்லை. ஆற்று வாய்க்கு அருகில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். மற்ற இடத்திலெல்லாம் அலை உடைந்து நுரைத்தது, அவன் நின்ற இடத்தில் மட்டும் உடையவில்லை. அமைதியாக இருக்கிறதே என்று அவனே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தான். காலடி மணல் சரிந்தது. நான் பார்த்தபோது அவன் தலை மட்டும் தெரிந்தது, அதுவும் தூரத்தில். கரையை நோக்கி நீந்துகிறான், நீந்த நீந்தப் பின்னால் போகிறான்.

வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கயிறும் காலி கேனும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நேராக அவனிடம் போகவில்லை. பக்கவாட்டில் தள்ளி இறங்கி வளைத்துப் போனார்கள். பத்து நிமிஷம் இருக்கும். கரையில் கொண்டுவந்து போட்ட பிறகு அதில் பெரியவர் எங்களைப் பார்த்துச் சொன்னது: "ஆத்துல நீந்தத் தெரிஞ்சவன்தாம்மா இங்க மொதல்ல போவான். தெரியாதவன் முழங்காலோட நின்னுக்குவான்."

அதற்குப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக ஒரு குறுகலான வழி தேடும். அந்த வழியில் அலை உடையாது, அதனால் பார்ப்பதற்கு அமைதியாகத் தெரியும். இழுப்பு அங்கேதான். மாட்டினால் கரையை நோக்கிப் போராடக்கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்த பிறகு திரும்ப வேண்டும். ஆற்று வாயில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருப்பதால் நேற்று ஆழமில்லாத இடம் இன்று பள்ளமாக இருக்கும். ஆற்றில் நம்மை இழுத்தால் எங்காவது ஒரு கரையில் ஒதுங்குவோம். கடலில் அந்த எதிர்க்கரை கிடையாது. காவிரிக்காரர்களான நமக்கு இது மூளையில் ஏறவே ஏறாது.

5 மே 2024
பூம்புகாரையே வேண்டாம் என்று நான் எழுதியதாகச் சிலர் வருத்தப்பட்டிருக்கிறார்கள். இல்லை. 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பாருங்கள், கரையில் நின்று கும்பிடுங்கள். குளிக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது. மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. மே மாதம் போனால் சங்கமத்தில் காவிரியைத் தேட வேண்டியிருக்கும், மணல்தான் கிடக்கும். ஆசையோடு வரும் அம்மாவுக்கு அது வேண்டாம்.

5 மே 2024, மாலை
தலைப்பை விட்டு விலகுகிறேன், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருச்சியிலிருந்து கடலுக்கு நடந்தே போனவர்கள் உண்டு. 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி தலைமையில் உப்பு சத்தியாகிரகத் தொண்டர்கள் கிளம்பினார்கள். சுமார் 240 கிலோமீட்டர். 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள், 30-ஆம் தேதி உப்பு எடுத்தார்கள். சித்திரை வெயில் அது. தஞ்சாவூரைத் தாண்டும்போதெல்லாம் பிள்ளைகளிடம் இதைச் சொல்வேன். பெரியவன் கேட்டான்: "அவங்க கடல்ல குளிச்சாங்களாம்மா?" தெரியவில்லை என்றேன். பதினைந்து நாள் நடந்தவர்கள் காலையாவது நனைத்திருப்பார்கள்.

7 மே 2024
இன்று இந்த இழையில் எதுவும் எழுதும் மனநிலை இல்லை. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்றுக் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 பேர் அலையில் போய்விட்டார்கள். திருச்சியில் மருத்துவம் படித்த பிள்ளைகள். கல்யாணத்துக்குப் போன இடத்தில் கடலைப் பார்க்கப் போனவர்கள். நம் ஊர்த் தெருவில் நடந்து திரிந்த பிள்ளைகள்.

கடல் சீற்றம் பற்றிய எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் தருவது. கேரளக் கரையில் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். தெற்கே வெகு தூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த காற்று எழுப்பிய அலை நாள் கணக்கில் பயணம் செய்து இங்கே வரும். நம் கரையில் காற்று இருக்காது, மேகம் இருக்காது, வெயில் பளிச்சென்று இருக்கும். கடல் மட்டும் திடீரென்று ஏறும். திருடன் மாதிரி வருவதால் அந்தப் பெயர்.

நாம் உள்ளூர் வானத்தைப் பார்த்துக் கடலை முடிவு செய்கிறோம். அது ஏரிக்குச் சரி. கிளம்பும் நாளன்று காலையில் கடல் எச்சரிக்கை பாருங்கள். பார்க்க முடியாவிட்டால் கரையில் நிற்கும் மீனவரிடம் "இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு" என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள், இதுவரை எனக்குச் சொல்லாதவர் இல்லை.

11 மே 2024
நாலு நாள் கழித்து வருகிறேன். தம்பி கேட்டிருக்கிறார்: "அப்ப மனோராவே முடிவு பண்ணிடட்டுமாக்கா?"

பாதுகாப்பு என்று பார்த்தால் ஆமாம். ஆனால் ஒன்றை உங்களிடம் மறைக்கக்கூடாது. என் மாமியாரும் கடல் பார்க்காதவர்தான். அவரை நான் முதலில் கூட்டிப் போனது மனோராவுக்கு, மூன்று வருஷம் முன்னால். அப்படியே தட்டையாகக் கிடந்தது தண்ணீர். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏரி நல்லா இருக்கு. கடலுக்கு இன்னும் எவ்வளவு நேரம் போகணும்?" என்றார்.

இதுதான் கடல் என்று நாங்கள் சொன்னோம். சரி என்றார். ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை. அவர் எழுபது வருஷமாகக் கேள்விப்பட்ட கடலுக்குச் சத்தம் உண்டு. ஆபத்தில்லாத இடம் என்று பார்த்துப் பார்த்து, அவர் எதைப் பார்க்க வந்தாரோ அதை நான் எடுத்துவிட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

12 மே 2024
அதனால் திரும்பவும் தரங்கம்பாடிக்கே வருகிறேன், இந்த முறை வேறு காரணத்துக்காக. சுனாமிக்குப் பிறகு அங்கே கரையில் பாறை கொட்டியிருக்கிறார்கள். குளிக்க அது இடைஞ்சல். நம் வீட்டுக்கு அதுவே வசதி. அலை வந்து பாறையில் மோதும் சத்தம் கோட்டைப் பக்கம் உட்கார்ந்தாலே கேட்கும். அம்மா மணலில் கால் புதைய நடக்க வேண்டாம். குளிக்கும் பேச்சே இல்லை என்று வீட்டிலேயே பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப் போங்கள். மாற்றுத் துணி எடுத்துப் போகாதீர்கள். துணி பையில் இருந்தால் கால் நனைப்பது குளியலில்தான் முடியும்.

தரங்கம் என்றால் அலை. ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. 1306-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சடங்கன்பாடி என்று இருக்கிறது. அந்தக் கல்வெட்டு உள்ள மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கடலுக்குப் பசி உண்டு என்று நாம் வாயால் சொல்வதை அந்த இடிபாடு கண்ணுக்குக் காட்டிவிடும். ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கியதும், தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறியதும் இதே ஊரில்தான். பன்னிரண்டு வயதுக்காரனுக்கு இது பிடிக்கும், எட்டு வயதுக்கு வேண்டாம், கோட்டையில் ஓடட்டும்.

12 மே 2024, சற்று நேரம் கழித்து
காரைக்காலை ஏன் விட்டேன் என்று ஒருவர். விடவில்லை. அரசலாற்றை ஒட்டிய சாலை, வண்டி கிட்டே போகும், திருச்சியிலிருந்து ரயிலே இருக்கிறது. ரயிலில் போக நினைப்பவர்களுக்கு அதுதான் முதல் தேர்வு. ஆனால் அதுவும் ஆற்று வாய், மேலே 4-ஆம் தேதி எழுதியதைப் படியுங்கள். சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கூட்டம் வேறு. வேளாங்கண்ணி போகிறவர்கள் மாதாவைப் பார்க்கப் போகட்டும். கடலுக்காக மட்டும் போனால் அங்கே கூட்டத்தின் முதுகைத்தான் பார்க்கலாம்.

16 மே 2024
நேரம். நம் கரை கிழக்குக் கரை, சூரியன் கடலில் எழும், மறைவது நமக்குப் பின்னால். காலையில் கடலைப் பார்த்தால் கண் கூசும், பத்து மணிக்கு மணல் கொதிக்கும். மூன்றரைக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், கடல் நீலமாகத் தெரியும், கடற்காற்றும் வந்திருக்கும். அதனால் காலை எட்டு மணிக்கு நிதானமாகக் கிளம்பி, கும்பகோணத்தில் மதியச் சாப்பாடு, நாலு மணிக்குக் கடல்.

கழிப்பறையை மயிலாடுதுறையில் நல்ல ஓட்டலாகப் பார்த்து முடித்துவிடுங்கள். பெண்களும் வயதானவர்களும் போகும் பயணத்தில் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான். இது சரியில்லாத நாளில் அம்மாக்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். தாகம் இல்லை என்பார்கள். நம்பாதீர்கள்.

17 மே 2024
நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. மாலைக் கடல் என்றால் திரும்பும்போது ராத்திரி. ஒரு முறை வல்லம் தாண்டி என் கணவர் ஸ்டியரிங்கில் கண் அயர்ந்தார். நான் விழித்திருந்ததால் தப்பித்தோம். நீங்களே ஓட்டுவதாக இருந்தால் கரையில் ஏழு மணி வரை இருக்காதீர்கள், ஐந்தரைக்கே கிளம்புங்கள். இல்லையென்றால் டிரைவர் வைத்துக்கொண்டு, மதியம் அவருக்கு இரண்டு மணி நேரம் தூங்க இடமும் நேரமும் கொடுங்கள். சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது.

22 மே 2024
தம்பி நாளை பௌர்ணமி என்று கிளம்பத் தயாராக இருக்கிறார். வேண்டாம். வங்கக்கடலில் இன்று தாழ்வுப் பகுதி உருவாகியிருக்கிறது. கடல் எங்கேயும் போகாது. மீன்பிடித் தடைக்காலமும் ஜூன் 14 வரை இருக்கிறது. விசைப்படகு போகாத நாளில் ஓட்டலில் புது மீன் கேட்டு ஏமாற வேண்டாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்.

18 ஜூன் 2024
22-ஆம் தேதி சனிக்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல நாள். பௌர்ணமிக்கு மறுநாள் என்பதால் இருட்டத் தொடங்கும்போது கடலிலிருந்து நிலா எழும், ஏழு மணி வாக்கில். டிரைவர் வைத்துக்கொண்டாராம், அதனால் இருந்து பார்த்துவிட்டே கிளம்பலாம். மேல்காற்றுக் காலம். கச்சான் என்பார்கள். கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். காற்றடைத்த டியூப், பந்து எதையும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அது கடலுக்குள் போகும், பின்னாலேயே பிள்ளை போகும்.

24 ஜூன் 2024
தம்பி எழுதியிருப்பதை அப்படியே கீழே போடுகிறேன்.

"அக்கா, போயிட்டு வந்துட்டோம். சின்னவன் கோட்டைப் படியில விழுந்து முழங்கால்ல சிராய்ப்பு, வேற ஒண்ணுமில்ல. அம்மா மூணு மணி நேரம் ஒரே இடத்துல உட்கார்ந்திருந்தாங்க. காபி வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போச்சு, குடிக்கல. நிலா வந்ததும் கைகூப்பினாங்க. கிளம்பலாம்னு சொன்னப்பதான் வாயத் திறந்தாங்க. நாம போனதுக்கப்புறமும் இது இப்படியே அடிச்சுக்கிட்டே இருக்குமாடான்னு கேட்டாங்க. ஆமாம்மான்னேன். ராத்திரியுமான்னாங்க. கார்ல தஞ்சாவூர் வர்ற வரைக்கும் வேற எதுவும் பேசல."

30 ஜூன் 2024
இதை என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "சத்தம் எப்படி இருந்துச்சாம்?" என்றார். ஆவணியில் அவரைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப் போகிறோம். கும்பகோணத்தில் படி ஏற வேண்டாத சாப்பாட்டு இடம் யாருக்காவது தெரிந்தால் இங்கே எழுதுங்கள், அவருக்கு மூட்டு வலி.